பிளந்தாலும் சக்தி! சேர்த்தாலும் சக்தி!

அணுவைப் பிளந்தால் சக்தி பிறக்கிறது. அணுக்களைச் சேர்த்தாலும் சக்தி பிறக்கிறது. இரண்டும் நேர்மாறான காரியங்கள் ஆயிற்றே! இது எப்படி?

அணுவின் நடுவே இருப்பது கரு. யுரேனியத்தின் கரு மிகப் பெரியது. ஹைட்ரஜனின் கரு மிகச் சிறியது. பெரிய கரு பிளந்தாலும், சிறிய கருக்கள் சேர்ந்தாலும், முன்பு இருந்த எடையில் ஒரு துளி குறைகிறது. அந்தத் துளிதான் சக்தியாக மாறுகிறது. எடை சக்தியாகும் என்று 1905-ம் ஆண்டிலேயே ஐன்ஸ்டீன் கணக்குப் போட்டுச் சொன்னார்.

அடக்குவது பெரும்பாடு

நியூட்ரான் என்ற துகள் தாக்கினால் யுரேனியக் கரு இரண்டாக உடைகிறது. அப்போது புதிதாக இரண்டு, மூன்று நியூட்ரான்கள் சிதறுகின்றன. அவை பக்கத்துக் கருக்களைத் தாக்குகின்றன. இது சங்கிலிபோல் தொடரும்.

கட்டுமீறி நடந்தால், 1945-ம் ஆண்டு ஹிரோஷிமாவை அழித்த அணுகுண்டு. அளவோடு நடத்தினால், கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் தயாராகும் மின்சாரம்.

ஆனால், பிளப்பை நிறுத்தினாலும் சூடு உடனே தணியாது. 2011-ம் ஆண்டு ஜப்பானில் பூகம்பம் வந்ததும், புகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த 3 உலைகளிலும் பிளப்பு நின்றுவிட்டது. பின்னால் வந்த சுனாமியால் குளிர்விக்கும் பம்புகள் ஓய்ந்தன. மிச்சச் சூட்டிலேயே எரிபொருள் உருகியது. கழிவையோ பல ஆயிரம் ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

நீடிப்பது பெரும்பாடு

சேர்ப்பதில் உள்ள தொல்லை வேறு. கருக்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். அவற்றை மோத வைக்கப் பெரும் வெப்பம் வேண்டும்.

சூரியனின் நடுவே 1½ கோடி டிகிரி வெப்பமும், பேரழுத்தமும் இருக்கின்றன. அதனால் அங்கே ஓயாமல் சேர்க்கை நடக்கிறது. அந்த அழுத்தம் பூமியில் இல்லை. ஆகவே, இங்கே 15 கோடி டிகிரி வரை சூடாக்க வேண்டும். எந்தப் பாத்திரம் இதைத் தாங்கும்? காந்த சக்தியால் சுவரில் படாமல் நிறுத்தி வைக்கிறார்கள். சிறிது பிசகினாலும் சூடு குறைந்து, சேர்க்கை நின்றுவிடும். உலை உருகும் பயம் இல்லை.

1952-ம் ஆண்டு அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு இந்த வகைதான். அதைப் பற்றவைக்க ஓர் அணுகுண்டே தேவைப்பட்டது!

விளக்கு எரியுமா?

2022 டிசம்பரில் கலிபோர்னியாவில் லேசர் ஒளியைப் பாய்ச்சிச் சேர்க்கை நடத்தினார்கள். பாய்ச்சிய சக்தி 2.05 மெகாஜூல். கிடைத்தது 3.15 மெகாஜூல். உலகமே பாராட்டியது. ஆனால், அந்த லேசரை இயக்கச் செலவான மின்சாரம் சுமார் 300 மெகாஜூல். 300 ரூபாய் போட்டு 3 ரூபாய் எடுத்த கதை!

பிரான்சில் இந்தியா உள்பட பல நாடுகள் கூடி 'ஈட்டர்' என்ற உலையைக் கட்டுகின்றன. அதுவும் சோதனை உலைதான். மின்சாரம் தராது.

சேர்க்கை ஒரு நாள் விளக்கேற்றலாம். இன்று விளக்கேற்றுவது பிளப்புதான். நாளை வரப்போவதை நம்பி, இன்றைய உலைகளின் காவலிலும் கழிவிலும் அசட்டையாக இருக்கக் கூடாது.