கலைப்பீடத்தைக் கழுவித் தரும் கோர்ஸ்

கலைப்பீடத்தில் இறுதி வருடத்துக்கு வந்துவிட்ட ஆட்களின் ஃபோனை வாங்கிப் பாருங்கள். பேஸ்புக்கைத் திறந்தாலும் வட்ஸ்அப்பைத் திறந்தாலும் ஒரே சங்கதிதான். எந்தத் துறைப் பட்டமும் போதுமாம். முன்னனுபவம் தேவையில்லையாம். ஒரு வருடத்தில் கணினி முதுமாணியாம். போதாக்குறைக்கு வெளிநாட்டில் இருக்கிற மாமாவும் அதையே ஃபோர்வேர்ட் பண்ணுவார்: "பிள்ளை, உந்த பீ.ஏ.யை வைச்சு என்ன செய்யப்போறாய்? இதைச் செய்துபோட்டு ஐ.ரி.க்குள்ள பூந்திடு."

கலைப் பட்டதாரி கணினி படிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நானும் படிக்கிற யோசனையில்தான் இருக்கிறேன். எனக்கு இருக்கிற கோபம் வேறு. அந்த விளம்பரமும் அந்த மாமாவும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: நீ இவ்வளவு நாளும் படித்தது ஒரு கறை, அதைக் கழுவ ஒரு கோர்ஸ் இருக்கிறது, காசைக் கட்டு. இதை நம்பி உள்ளே போகிற ஆள் காசை மட்டும் இழக்கவில்லை. தன் கையில் ஏற்கெனவே இருந்ததையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார்.

முதலில் "உங்களால ஏலாது" கோஷ்டிக்கு ஒரு பதில் சொல்லிவிடலாம். கணினிப் படிப்பு தொடங்கியதே வேறு துறைக்காரர்களுக்காகத்தான். 1953இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஒரு வருட டிப்ளோமா ஒன்றை ஆரம்பித்தது. உலகில் முறையாகக் கற்பிக்கப்பட்ட முதல் கணினிப் படிப்பு அதுதான் என்று சொல்வார்கள். அதில் சேர முதலில் பட்டதாரியாக இருக்க வேண்டும். வந்த ஒருவரிடமும் கணினிப் பட்டம் இருக்கவில்லை, ஏனென்றால் அப்படியொரு பட்டமே அப்போது கிடையாது. எங்கள் நாட்டிலும் இதே கதைதான். இலங்கையின் கணினித் துறைக்குத் தந்தை என்று சொல்லப்படுகிற பேராசிரியர் வி.கே. சமரநாயக்க படித்தது கணிதம். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி 2002இல் உருவானது. அங்கே நடக்கிற தகவல் தொழினுட்ப முதுமாணி, வேறு துறைகளில் பட்டம் பெற்றவர்களை மனதில் வைத்துத்தான் நடக்கிறது.

"அவையெல்லாம் மற்ஸ் படிச்ச ஆக்கள், நீங்கள் ஆர்ட்ஸ்" என்று குறுக்கே ஒரு குரல் கேட்கும். சரி, கரன் ஸ்பார்க் ஜோன்ஸை எடுங்கள். கேம்பிரிட்ஜில் வரலாறு படித்தவர். மேலே ஒரு வருடம் மெய்யியல். கொஞ்ச நாள் பாடசாலையில் படிப்பித்தார். பிறகு மொழி ஆராய்ச்சி செய்கிற ஒரு சிறிய குழுவில் சேர்ந்து கணினிப் பக்கம் போனார். 1972இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் கருத்து கேட்டால் மிகவும் சாதாரணமாகத் தெரியும்: எல்லா ஆவணத்திலும் வருகிற சொல் எதையும் பிரித்துக் காட்டாது, சில ஆவணங்களில் மட்டும் வருகிற சொல்லுக்குத்தான் நிறை அதிகம். "ஒரு கிணறு" என்று தேடினால் "ஒரு" எல்லா இடத்திலும் இருக்கும், "கிணறு"தான் உங்களைச் சரியான பக்கத்துக்குக் கொண்டுபோகும். பின்னால் வந்த எத்தனையோ தேடுபொறிகளுக்குள் இந்தக் கணக்கு இருக்கிறது. சொல் எப்படி அர்த்தம் தாங்குகிறது என்று யோசித்துப் பழகிய ஒரு ஆள் இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஆக, ஏலும். ஆனால் விளம்பரம் சொல்கிற மாதிரி ஏலாது.

விளம்பரத்தில் ஒருபோதும் வராத கணக்கு ஒன்று இருக்கிறது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட். பாடநெறி மட்டும் உள்ள முதுமாணிக்கு 30 கிரெடிட், ஆய்வும் சேர்ந்ததென்றால் 60. ஒரு கிரெடிட் என்பது கிட்டத்தட்ட 50 மணித்தியாலப் படிப்பு. ஒரு பிள்ளை கணினிப் பட்டத்துக்கு 6,000 மணித்தியாலம் செலவழிக்க, நீங்கள் 1,500 மணித்தியாலத்தில் அதே இடத்துக்கு வந்துவிடுவீர்கள் என்று யாராவது சொன்னால் அவர் கணிதம் படிக்காத ஆள், அல்லது உங்களுக்குக் கணிதம் தெரியாது என்று நினைக்கிற ஆள்.

"முன்னனுபவம் தேவையில்லை" என்பது விண்ணப்பப் படிவத்துக்கு மட்டும் உண்மை. இரண்டாவது கிழமையே அது பொய்யாகிவிடும். தரவுக் கட்டமைப்பு, தரவுத்தளம், இயக்கு முறைமை, வலையமைப்பு, அதோடு தொடை, தருக்கம், நிகழ்தகவு என்று சாதாரண தரத்தோடு நாங்கள் கைகழுவிய கணிதம் எல்லாம் திரும்ப வந்து நிற்கும். தன்னைத்தானே அழைக்கிற ஒரு செயற்கூறை முதன்முதல் பார்க்கும்போது தலை சுற்றும். அது எல்லாருக்கும் சுற்றும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கிற பொறியியல் பட்டதாரிக்கு அது ஏற்கெனவே சுற்றி முடிந்திருக்கும். இவ்வளவும் ஆங்கிலத்தில். நான்கு வருடம் தமிழில் படித்து தமிழில் பரீட்சை எழுதிய ஒருவருக்கு உண்மையான சுவர் அதுதான், பைதன் அல்ல. இதைச் சொல்லாமல் காசு வாங்குவதைப் பச்சை ஏமாற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொரு சுவர் தூரம். வேலை செய்கிற ஆட்களுக்கென்று வார இறுதியில் கொழும்பில் வகுப்பு நடத்துகிறார்கள். கொழும்புக்காரருக்கு அது வசதி. யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிற ஒரு ரீச்சர் வெள்ளி இரவு பஸ் ஏறி 400 கிலோமீற்றர் போய், ஞாயிறு இரவு திரும்ப ஏறி, திங்கள் காலை கண் சிவந்தபடி வகுப்பில் நிற்க வேண்டும். பஸ் காசு கட்டணப் பட்டியலில் வராது.

இனிமேல்தான் எனக்கு உண்மையில் எரிகிற விசயம். கலைப்பீடத்துக்கு நாங்கள் ஏன் வந்தோம்? ஏதோ கணக்கு ஓடாதவர்கள் எல்லாரும் இங்கே வந்து குவிந்த மாதிரித்தான் ஊர் கதைக்கிறது. இந்த நாட்டில் உயர்தரம் உள்ள பாடசாலைகளில் 1ஏபி என்று ஒரு வகை, 1சி என்று ஒரு வகை. 1ஏபியில் விஞ்ஞானமும் கணிதமும் இருக்கும். 1சியில் கலையும் வர்த்தகமும் மட்டும். வன்னியிலோ மலையகத்திலோ படுவான்கரையிலோ பக்கத்தில் இருப்பது ஒரு 1சி என்றால், அந்தப் பிள்ளையின் "தெரிவு" அந்தப் பிள்ளை பிறக்க முன்னமே முடிந்துவிட்டது. கலைப்பிரிவில் இருந்துகொண்டே ஐ.சி.ரி.யை ஒரு பாடமாக எடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆசிரியர் இருந்தால் எடுக்கலாம். கரண்ட் இருந்தால் இன்னும் நல்லது.

அங்கிருந்து தப்பிப் பிழைத்துக் கம்பஸுக்கு வருகிறோம். எங்கள் பீடத்தில் கணினி என்ற பெயரில் எங்களுக்குக் கிடைத்தது வேர்ட், எக்செல், பவர்பொயின்ற். நான்கு வருடத்துக்கு அவ்வளவுதான். நிரலாக்கம் இல்லை. புள்ளிவிபரம் பொருளியல் பிள்ளைகளுக்கு இருக்கிறது, மற்றவர்களுக்கு எட்டிப் பார்க்கவும் ஏலாது. அந்தப் பக்கத்துக் கட்டடத்தில் விஞ்ஞான பீடம் இருக்கிறது, அங்கே போய் ஒரு பாடத்தை எடுத்து அதை எங்கள் கிரெடிட்டில் சேர்க்க முடியுமா என்று கேட்டால் "அப்படியொரு ஏற்பாடு இல்லை" என்ற பதிலோடு விசயம் முடிந்துவிடும். நான்கு வருடம் கதவைப் பூட்டி வைத்துவிட்டு, வெளியே போனதும் வேறொருவர் திறப்பை இலட்சக்கணக்கில் விற்கிறார். இலவசக் கல்வி என்பது உள்ளே இருந்த காலத்தில் கிடைக்க வேண்டியதையும் சேர்த்துத்தான் இல்லையா?

வெளியே என்ன காத்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். 2017இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரத்தில் பந்தல் போட்டு இருந்தார்கள். 2020இல் ஐம்பதாயிரம் அளவில் பட்டதாரிகளைப் பயிலுநர்கள் என்று அரசாங்கம் உள்வாங்கி மாதம் 20,000 ரூபாய் கொடுத்தது. எத்தனையோ பேர் பிரதேச செயலகங்களில் கதிரை இல்லாமல் மாறி மாறி இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் "கலைப் பட்டதாரிகளுக்குத் திறன் இல்லை" என்று ஏதோ ஒரு மேடையில் பேசுவார்கள். திறனைத் தர வேண்டிய இடம் யாருடைய கையில் இருந்தது என்ற கேள்வி மட்டும் அந்த மேடைக்கு வராது. இங்கிலாந்தில் 2020இலிருந்து, வேறு துறையிலிருந்து செயற்கை நுண்ணறிவு, தரவு விஞ்ஞானம் பக்கம் மாறுகிற தங்கள் நாட்டு மாணவர்களுக்கு அரசே 10,000 பவுண்ட் புலமைப்பரிசில் கொடுத்தது. பெண்கள், கறுப்பின மாணவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்ற குறைவாக இருக்கிற ஆட்கள் வர வேண்டும் என்பதற்காக. அதே நாட்டின் அதே மாதிரிப் படிப்பைத்தான் முகவர்கள் எங்களுக்கு வீட்டை ஈடு வைக்கச் சொல்லி விற்கிறார்கள்.

இப்போது அந்தக் "கறை"க்கு வருவோம். பைதனில் "தமிழ்" என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். 5 என்று சொல்லும். மூன்று எழுத்து என்று முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். யூனிகோட்டில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாகத்தான் அது சேமிக்கப்படுகிறது. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் புள்ளி முன்னுக்கு வந்து அந்தரத்தில் நிற்கும், மகரத்தில் இருந்த இகரம் ழகரத்தில் ஏறிக்கொள்ளும். இது சின்ன விளையாட்டு. பெரிய விளையாட்டு தேடலில் இருக்கிறது. "மரம்" என்று நேரடியாகத் தேடினால் "மரத்தை", "மரத்தில்" என்ற வடிவங்கள் அகப்படாது. ஏன் என்று கணினி விஞ்ஞானப் பட்டதாரி மண்டையைப் பிய்ப்பார். தமிழ்ச் சிறப்புப் பிள்ளை சாரியை என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகும். அந்தப் பிள்ளைக்கு அதை நிரலாக எழுதத் தெரியாது. மற்றவருக்கு எதை எழுத வேண்டும் என்று தெரியாது. இரண்டும் ஒரே மண்டைக்குள் இருக்கிற ஆள் எங்களிடம் எத்தனை பேர்?

நூலகம் நிறுவனத்தை எடுங்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் வருடி வருடிச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கங்களுக்குள் தேட வேண்டும், ஒரே ஊரின் பெயர் நாலு விதமாக எழுதப்பட்டிருப்பதை இணைக்க வேண்டும், ஒரு சாதாரண நினைவு மலரில் இருக்கிற தகவல் ஏன் முக்கியம் என்று தெரிந்திருக்க வேண்டும். இது வரலாறு, புவியியல், மொழியியல் படித்த ஆளின் வேலை, கணினியோடு. காணி ஆவணம், குடித்தொகைத் தரவு, நில அளவை வரைபடம் எல்லாம் இப்படித்தான். "இப்ப ஏஐயே கோட் எழுதித் தருதே" என்பவர்களுக்கும் இதுதான் பதில்: எழுதித் தரட்டும், அது தந்த விடை பிழை என்று பிடிக்க யாருக்காவது சாரியை தெரிய வேண்டும், யாருக்காவது நிரலும் தெரிய வேண்டும்.

கலைப்பீடத்துக்குள் இருந்தும் ஒரு எதிர்ப்பு வரும். கணினி என்றாலே சந்தைக்கு விலைபோவது என்று முகம் சுளிக்கிற சேர்மார் இருக்கிறார்கள். சந்தையைப் பற்றி அவர்கள் சொல்வதில் பாதி சரி. ஆனால் மாதச் சம்பளம் உறுதியாக இருக்கிற ஆள் வேலை தேடுகிற பிள்ளைக்குச் சொல்கிற துறவறத்தை நான் எடுத்துக்கொள்வதாக இல்லை.

ஆகவே போகிறவர்கள் போங்கள், ஆனால் கடனை எடுக்க முதல் இலவசமாகச் சோதித்துப் பாருங்கள். ஹார்வர்டின் சீ.எஸ்.50 இணையத்தில் சும்மா கிடைக்கிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் இணையத்தில் இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது. ஆறு கிழமை இருந்து பாருங்கள், பிடிக்கிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியும். முகவரிடம் பாடங்களின் பட்டியலைக் கேளுங்கள். போன வருடம் சேர்ந்த கலைப் பட்டதாரிகளில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேளுங்கள். கட்டுரை வெளிக்கிடும்போது உங்கள் முதல் பட்டத்திலிருந்து ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு போங்கள், எல்லாரும் செய்கிற ஹோட்டல் முன்பதிவுச் செயலியைச் செய்யாதீர்கள்.

இருக்கிறவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. பீடச் சபையில் மாணவர்களுக்கென்று சட்டப்படி இரண்டு இடங்கள் இருக்கின்றன. அந்த இரண்டு பேரும் பெரும்பாலும் விடுதித் தண்ணீரையும் கன்ரீன் சாப்பாட்டையும் பற்றித்தான் கதைக்கிறார்கள். அதுவும் வேணும்தான். ஆனால் அடுத்த பாடத்திட்ட மீளாய்வில் மூன்றைக் கேளுங்கள்: முதலாம் வருடத்திலிருந்து தமிழ் மொழிமூலத்தில் நிரலாக்கமும் புள்ளிவிபரமும், விஞ்ஞான பீடத்தில் எடுக்கிற பாடத்துக்கு எங்கள் கிரெடிட், அதோடு பின்னேரம் நாலு மணிக்குப் பூட்டிவிடுகிற அந்தக் கொம்பியூட்டர் லாப்பின் திறப்பு.