காரைப் பார்த்து விலை, வயிற்றைப் பார்த்துக் கூலி!

சின்னக் கார் ஒன்று ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைகிறது. எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும், பில்டர் மாற்ற வேண்டும், பிரேக் பார்க்க வேண்டும். ஒரு விலை சொல்கிறார்கள். அடுத்து ஒரு பென்ஸ் காரோ பி.எம்.டபிள்யூ காரோ நுழைகிறது. அதே மூன்று வேலைதான். ஆனால் விலை பல மடங்கு எகிறிவிடுகிறது!

"பணக்காரன்தானே, கொடுத்துவிட்டுப் போகட்டும்! நமக்கென்ன நஷ்டம்?" என்று மில் கேட்டு டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். "ஊரை அடித்து உலையில் போட்டவனை ஒர்க்‌ஷாப்காரன் அடிக்கிறான், சந்தோஷம்!" என்று சிரிப்பவர்களும் உண்டு.

தோழர்களே, சிரிப்பதற்கு முன் கொஞ்சம் யோசிப்போம். அந்தப் பணம் யார் பையிலிருந்து வருகிறது? யார் பைக்குப் போகிறது? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால், இது பணக்காரன் வீட்டுச் சண்டை மட்டுமல்ல, நம் வீட்டு அடுப்பையும் தொடுகிற விஷயம் என்பது புரியும்.

அவர்கள் சொல்லும் நியாயம்

முதலில் கம்பெனிக்காரர்கள் சொல்வதைக் கேட்போம். அதில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை.

சின்னக் காரின் எஞ்சினுக்கு மூன்றரை லிட்டர் ஆயில் போதும். ஆறு சிலிண்டர் எஞ்சின் ஆறு, ஏழு லிட்டர் குடிக்கும். அதுவும் விலை கூடிய ரகம். டயர் பெரிது, பிரேக் தட்டு பெரிது. பின் பிரேக் பேட் மாற்றவேண்டுமானால்கூடப் பல வண்டிகளில் கம்ப்யூட்டரைச் செருகி, பிரேக்கைப் பின்னுக்கு இழுக்கவேண்டும். பி.எம்.டபிள்யூ காரில் புது பாட்டரி போட்டால் வண்டியின் கம்ப்யூட்டரில் அதைப் பதிவு செய்யவேண்டும். இந்த வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு. ஆகவே உதிரிப்பாகங்கள் அலமாரியில் அதிக நாள் தூங்கும். அதில் முடங்கிய பணத்துக்கு வட்டி உண்டு. ஒரு கீறல் விழுந்தால் ஒர்க்‌ஷாப்புக்காரன் தலையில் விழும் செலவும் பெரிது.

இதெல்லாம் சரி. ஆயில் இரண்டு பங்கு என்றால் விலையும் இரண்டு பங்கு ஆகட்டும். ரகம் உயர்ந்தது என்றால் இன்னும் கொஞ்சம் கூடட்டும். அதற்கு மேலே ஏறி நிற்கிற தொகைக்கு என்ன கணக்கு?

ஆடி, ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் மூன்றும் ஒரே ஜெர்மன் குழுமத்தின் பெயர்கள். ஆடி ஏ-3, ஸ்கோடா ஆக்டேவியா, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் இந்த மூன்று கார்களும் ஒரே அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டவை. எஞ்சினும் பெரும்பாலும் அதே குடும்பம்தான். மூக்கில் ஒட்டிய சின்னம் மட்டும் வேறு. நட்டுக்குத் தெரியுமா, தான் எந்தச் சின்னத்துக்குக் கீழே முடுக்கப்படுகிறோம் என்று? ஸ்பானருக்குத் தெரியுமா? ஸ்பானருக்குத் தெரியாது; பில் போடுகிறவனுக்குத் தெரியும். அவன் வேலையைப் பார்ப்பதில்லை, சின்னத்தைப் பார்க்கிறான்.

பூட்டு யார் கையில்?

ஆளைப் பார்த்து விலை சொல்வது சந்தையில் எல்லா வியாபாரிக்கும் ஆசைதான். ஆனால் காய்கறிச் சந்தையில் அது நெடுநேரம் செல்லாது. ஒருவன் கூடச் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். கார் கம்பெனி செய்வது என்ன? அடுத்த கடையையே மூடிவிடுகிறது!

உதிரிப்பாகத்தை வெளியே விற்காதே என்று தயாரித்துக் கொடுப்பவனைக் கட்டிப்போடுகிறது. பழுது காட்டும் கம்ப்யூட்டர் கருவியை வெளி மெக்கானிக்குக் கொடுப்பதில்லை. "வெளியே கழற்றினால் வாரண்டி கிடையாது" என்று கார் வைத்திருப்பவனை மிரட்டுகிறது. தெருமுனைப் பட்டறையில் இருபது வருஷம் கை தேய்ந்த தொழிலாளி, எஞ்சின் ஓசையை வைத்தே பழுதைச் சொல்லக்கூடியவன், வண்டியைத் திறக்கவே வழியில்லாமல் நிற்கிறான்.

இது நம் கற்பனையல்ல. இந்தியாவின் போட்டி ஆணையமே 2014 ஆகஸ்டில் இதைத் தீர்ப்பாக எழுதியது. 14 கார் கம்பெனிகள் மீது மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்தப் பட்டியலில் பென்ஸ் உண்டு, பி.எம்.டபிள்யூ உண்டு. அதோடு மாருதியும் டாட்டாவும் மகிந்திராவும் உண்டு! உதிரிப்பாகங்களையும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கச் செய்யவேண்டும், வெளியே பழுதுபார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்துசெய்யக்கூடாது, உதிரிப்பாக விலையை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடவேண்டும் என்று ஆணையம் சொன்னது. கம்பெனிகள் பணிந்தனவா? மேல்முறையீட்டுக்கு ஓடின, கோர்ட்டு கோர்ட்டாக ஏறின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று கம்பெனிகளின் அபராதத்தைக் குறைத்தது. ஆனால் குற்றம் குற்றமே என்று உறுதிசெய்தது.

சீனாவில் நடந்ததையும் பாருங்கள். பென்ஸ் சி-வகைக் கார் ஒன்றை உதிரிப்பாகங்களாகவே வாங்கிக் கோத்தால் என்ன ஆகும் என்று 2014இல் அங்கே கணக்குப் போட்டார்கள். ஒரு முழுக் காரின் விலையைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் வந்தது! முழுக் காராக வாங்கினால் ஒன்று; துண்டு துண்டாக வாங்கினால் பன்னிரண்டு! உலோகம் மாறவில்லை, உழைப்பு மாறவில்லை. வாங்குபவன் தப்ப முடியாது என்ற நிலை மட்டுமே மாறியது. 2015 ஏப்ரலில் காருக்கும் சில உதிரிப்பாகங்களுக்கும் விலையைக் கட்டுப்படுத்திய குற்றத்துக்காக அந்தக் கம்பெனிக்கு 35 கோடி யுவான் அபராதம் விழுந்தது.

பணம் யாருக்குப் போகிறது?

பில்லில் 'லேபர் சார்ஜ்' என்று ஒரு வரி இருக்கிறது. லேபர் என்றால் உழைப்பு. உழைப்பின் பெயரால் வாங்குகிற பணம் உழைத்தவனுக்குப் போகிறதா?

அதே குழியில் இறங்கி, அதே கருப்பு எண்ணெயில் கை நனைத்து, காலையில் சின்னக் காரையும் மாலையில் பென்ஸையும் கழற்றுகிறவனுக்கு மாதச் சம்பளம் ஒன்றுதான். பென்ஸுக்கு மூன்று பங்கு லேபர் சார்ஜ் வாங்கிய நாளில் அவனுக்கு மூன்று பங்கு கூலி கொடுத்த முதலாளியை நாம் பார்த்ததில்லை. 'இந்த வேலைக்கு இத்தனை மணி' என்று கம்பெனிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. பில் அந்த மணிக்கணக்கில் போகிறது. தொழிலாளி சாமர்த்தியத்தால் பாதி நேரத்தில் முடித்தால் மிச்ச நேரத்தின் பணமும் முதலாளிக்கே!

ஐ.டி.ஐ. படித்த நம் பிள்ளைகளை 'அப்ரண்டிஸ்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். 1961 அப்ரண்டிஸ் சட்டம் அவர்களைத் தொழிலாளி என்றே கணக்கில் எடுப்பதில்லை, பயிலுநர் என்கிறது. ஆகவே சம்பளம் இல்லை, உதவித்தொகைதான். பில்லில் அவர்களும் 'லேபர்'. சம்பளப் பட்டியலில் மட்டும் அவர்கள் லேபர் அல்ல! இதைவிடப் பித்தலாட்டம் வேறு உண்டா?

பணம் யாரிடமிருந்து வருகிறது?

"பணக்காரன் கொடுக்கிறான்" என்கிறார்கள். பணக்காரன் தன் கைக்காசைக் கொடுக்கிறானா?

பெரிய கார்கள் பலவும் கம்பெனி பெயரில் பதிவானவை. வாங்கியது கம்பெனி, பெட்ரோல் கம்பெனி, டிரைவர் சம்பளம் கம்பெனி, ஒர்க்‌ஷாப் பில்லும் கம்பெனி. வருமான வரிக் கணக்கில் அது தொழில் செலவாகக் கழிகிறது. காரின் தேய்மானமும் கழிகிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! ஆகவேதான் விலை கேட்டதும் அந்த எஜமான் முகம் சுளிப்பதில்லை. அவர் முகம் சுளிக்கமாட்டார் என்பது தெரிந்தேதான் ஒர்க்‌ஷாப்பும் விலையை ஏற்றுகிறது.

மில் தொழிலாளித் தோழர்கள் இங்கே கூர்ந்து கவனிக்கவேண்டும். 1965இல் வந்த போனஸ் சட்டமும், பின்னர் வந்த 2019 சம்பளத் தொகுப்புச் சட்டமும் ஒரே கணக்கைத்தான் சொல்கின்றன. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவிகிதம், உச்சம் 20 சதவிகிதம். இந்த இரண்டுக்கும் இடையே எங்கே நிற்பது என்பதை 'உபரி' தீர்மானிக்கிறது. செலவும் தேய்மானமும் வரியும் கழித்தபின் மிஞ்சுவதைக் கொண்டே உபரி கணக்கிடப்படுகிறது. கார் பில் ஏற ஏற, உபரி இறங்குகிறது. ஒரு கார் பில்லால் மட்டும் போனஸ் விழுந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பேச்சுவார்த்தை மேஜையில் "மிச்சம் எங்கே இருக்கிறது?" என்று நிர்வாகம் கை விரிக்கும்போது, அந்த மிச்சத்தைத் தின்ற செலவுகளின் வரிசையில் வாசலில் நிற்கும் காரும் ஒன்று என்பதை மறந்துவிடக்கூடாது.

பணக்காரனிடம் கூடுதலாக வாங்க நேர்மையான வழி ஒன்று உண்டு. அதற்கு வரி என்று பெயர். வரியாக வந்தால் பள்ளிக்கூடமாகும், ஆஸ்பத்திரியாகும். அந்த வழியை என்ன செய்தார்கள்? சொத்து வரிச் சட்டத்தை 2015 பட்ஜெட்டில் எடுத்தே விட்டார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாக இறக்கினார்கள். கேட்கவேண்டிய சர்க்கார் கேட்கவில்லை. கேட்க உரிமையில்லாத கார் கம்பெனி கேட்டு வாங்கிக்கொள்கிறது. இதையா நாம் நியாயம் என்று கொண்டாடுவது?

அதே தராசின் இன்னொரு தட்டு

ஆளைப் பார்த்து விலை என்ற தராசுக்கு இரண்டு தட்டு உண்டு. பணக்காரனிடம் 'இவன் எவ்வளவு கொடுப்பான்?' என்று பார்க்கிறது. ஏழையிடம் 'இவன் எங்கே போய்விடுவான்?' என்று பார்க்கிறது.

கார் வாங்குகிறவனுக்கு பாங்கு கடன் கொடுக்கிறது. நூற்றுக்கு ஏறக்குறைய பத்து ரூபாய் வட்டி, அது வருஷத்துக்கு. நாற்று நடும் பெண் அவசரத்துக்குக் கடன் கேட்டால் 'பத்து வட்டி' என்கிறார்கள். நூற்றுக்குப் பத்து, அது மாதத்துக்கு! வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 120 ரூபாய். அதே பத்துதான், ஆள்தான் வேறு. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. வட்டி வாசலில் நிற்கிறது.

நம் பாட்டன்மார் சொன்னதை நினைத்துப் பாருங்கள். மிராசுதார் களத்தில் நெல் வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால்! அன்று மரக்காலை மாற்றினார்கள். இன்று பில்லை மாற்றுகிறார்கள்.

பிரான்சில் டுப்வி என்ற எஞ்சினியர் 1849இலேயே இந்தத் தந்திரத்தை ரயில் கம்பெனிகளிடம் கண்டு எழுதினார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டார்கள். கூரைக்குப் பணமில்லாமல் அல்ல! கூரை போட்டால் இரண்டாம் வகுப்புக்காரனும் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிடுவானே என்ற பயம். பணக்காரனிடம் கூடுதலாகக் கறப்பதற்காக ஏழையை மழையில் நனைத்தார்கள். ஆளைப் பார்த்து விலை சொல்கிற எல்லா ஏற்பாட்டிலும் கடைசியில் நனைவது யார் என்பதற்கு இந்தக் கூரையில்லாப் பெட்டியே சாட்சி.

எல்லா விலையிலும் பெரிய விலை ஒன்று இருக்கிறது. அது நம் உழைப்பின் விலை. மில் கேட்டிலும் வரப்பிலும் அதை எப்படிச் சொல்கிறார்கள்? வேலையைப் பார்த்தா? இல்லை. வேலையில்லாமல் வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்து! அடுப்பு எத்தனை நாளாக எரியவில்லை என்று பார்த்து! பென்ஸ் காரைக் கண்டால் விலையை ஏற்றுகிற அதே கண், பசித்த வயிற்றைக் கண்டால் கூலியை இறக்குகிறது. முன்னதற்குக் கைதட்டிவிட்டுப் பின்னதை எதிர்க்க முடியுமா?

பூட்டு வயலுக்கும் வந்துவிட்டது

"கார் நம்மிடம் இல்லையே" என்று விவசாயத் தொழிலாளித் தோழர்கள் நினைக்கவேண்டாம். அதே பூட்டு டிராக்டருக்கும் வந்துவிட்டது. ஜான் டீர் டிராக்டரைப் பழுதுபார்க்கும் முழுமையான கம்ப்யூட்டர் கருவியைத் தன் டீலர்களுக்கு மட்டும் கொடுத்து, விவசாயிகளைக் கூடுதல் விலைக்குத் தள்ளுகிறது என்று 2025 ஜனவரியில் அமெரிக்க சர்க்காரின் வர்த்தக ஆணையமே வழக்குப் போட்டது. அந்தக் கம்பெனியின் டிராக்டர் நம் நாட்டு வயல்களிலும் ஓடுகிறது. பருவத்தில் வண்டி நின்றால் உழவு வாடகை ஏறும். வாடகை ஏறினால், "கூலியை எப்படி ஏற்றுவது?" என்ற பதில் நமக்கு வரும். சங்கிலியின் கடைசிக் கண்ணி நம் காலில்தான்!

ஆகவே நாம் கேட்பது என்ன? 'பணக்காரனுக்கு மலிவாகச் செய்' என்றா? இல்லை. வேலைக்கு ஏற்ற விலையைப் பட்டறைச் சுவரில் எழுதிப்போடு என்கிறோம். உதிரிப்பாகத்தையும் கருவியையும் எல்லாப் பட்டறைக்கும் திறந்துவிடு என்கிறோம். 2014 தீர்ப்பு சொன்னதும் அதுதான். 'பழுதுபார்க்கும் உரிமை' என்று 2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் இணையதளம் ஒன்றைத் திறந்தது. காரும் விவசாயக் கருவியும் அதில் உண்டு. இணையதளம் போதாது, சட்டம் வேண்டும்! லேபர் சார்ஜ் என்று வாங்குவதில் நியாயமான பங்கு லேபருக்கு வரவேண்டும். அப்ரண்டிஸ் என்ற பெயரில் முழு வேலை வாங்கினால் முழுக் கூலி கொடுக்கவேண்டும். ஒர்க்‌ஷாப் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ.யும் பிராவிடண்ட் பண்டும் கிடைக்கவேண்டும்.

ஒர்க்‌ஷாப் தொழிலாளி நம் சகோதரன். அவன் குழிக்குள் நின்று தனியாகக் கேட்டால் குரல் வெளியே வராது. மில்லிலிருந்தும் வயலிலிருந்தும் நாமும் சேர்ந்து கேட்போம்:

விலையை ஆளைப் பார்த்துச் சொல்லாதே, வேலையைப் பார்த்துச் சொல்! கூலியைப் பசியைப் பார்த்து அளக்காதே, உழைப்பைப் பார்த்து அள!