காரோடு கட்டிவிடும் மூட்டை

கொச்சியில் கலூர் பகுதியில்தான் எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இயங்குகிறது. புதுக் கார் வாங்கும் பலருக்கு அந்த வாசல் நினைவுக்கு வருவதேயில்லை. ஷோரூமில் நீட்டப்படும் கொட்டேஷனில் காப்பீடு, கூடுதல் வாரன்டி, பெயின்ட் பூச்சு, ஹேண்ட்லிங் கட்டணம் எல்லாம் தவிர்க்க முடியாதவைபோல வரிசையாக நிற்கின்றன. "தவணையில் அறுநூறு ரூபாய்தான் கூடும்" என்று சமாதானம் வேறு. 30,000 ரூபாய்ச் சரக்கை 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனில் சேர்த்தால், வட்டி மட்டும் 7,300 ரூபாயைத் தாண்டும். இது அநியாயம்.

ஒன்றை விற்க இன்னொன்றையும் வாங்கச் சொல்லி நிர்பந்திப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக முறையாகவே பார்க்கிறது. புதுக் காருக்கு 3 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்தான். அதை டீலரிடமே எடுக்க வேண்டியதில்லை. கடனுக்கும் காவல் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகள் கடனின் முக்கிய விவர அறிக்கையைத் தந்தாக வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

அந்த அறிக்கையைக் கையெழுத்திடும் மேசையில் அல்ல, முந்தைய நாளே கேட்டு வாங்குங்கள். கார் விலை தனியாக, மற்றவை தனித்தனியாக எழுதப்படாத கொட்டேஷனுக்கு வங்கிகளும் கடன் தர மறுக்க வேண்டும். மறுத்தும் திணித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.