சிங்கப்பூரில் கம்பெனி திறக்க நினைக்கும் ஊர்க்காரர்களுக்கு

கூத்தாநல்லூர் ஜமாஅத்தாருக்கும் எல்லாத் தெருச் சொந்தங்களுக்கும்,

ஊரில் இப்போது ஒரு புதுப் பேச்சு: "வேலைக்காரனாகச் சபர் போகாதே, முதலாளியாகப் போ." ஏஜென்ட் ஒரு தொகை சொல்கிறார். கம்பெனி, விசா, குடும்பம் எல்லாம் அதில் அடக்கமாம். இங்கே சிங்கப்பூரில் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். அந்தத் தொகையில் எது அடங்காது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனியைப் பதிவுசெய்வது சுலபம்தான். பெயருக்கு 15 சிங்கப்பூர் வெள்ளி, பதிவுக்கு 300. மூலதனம் ஒரு வெள்ளி இருந்தால் போதும். பங்குகள் முழுவதும் வெளிநாட்டவர் பெயரிலேயே இருக்கலாம். ஆனால் இது கம்பெனிகளைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ரா கொடுக்கும் பதிவு. இங்கே தங்கி வேலை பார்க்க அனுமதி தர வேண்டியது மனிதவள அமைச்சு. அக்ரா தாளைக் காட்டினால் அங்கே கதவு திறக்காது. சுற்றுலா அனுமதியில் வந்து கல்லாவில் உட்காரவும் முடியாது.

தொழில் தொடங்குவோருக்கென்றே ஆன்ட்ரபாஸ் என்று ஓர் அனுமதி உண்டு. அது புதுமையான தொழிலுக்கு: ஒரு லட்சம் வெள்ளிக்குக் குறையாத முதலீட்டாளர் பணம், காப்புரிமை, அங்கீகாரம் பெற்ற தொழில் வளர்ப்பு மையத்தின் ஆதரவு என ஏதாவது ஒரு தகுதியைக் காட்ட வேண்டும். காப்பிக்கடை, உணவங்காடி, மசாஜ் நிலையம் எல்லாம் பட்டியலிலிருந்தே வெளியே. சிராங்கூன் ரோட்டில் டீக்கடை போடும் கனவுக்கு இந்த வழி இல்லை.

மிஞ்சுவது எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி. சொந்தக் கம்பெனியே முதலாளிக்காக விண்ணப்பிக்கலாம். ஏஜென்ட் சொல்லாமல் விடும் கணக்கு இங்கேதான். 2025 ஜனவரியிலிருந்து மாதச் சம்பளம் குறைந்தது 5,600 வெள்ளி இருக்க வேண்டும். வயது கூடக் கூட அதுவும் கூடும். அதைத் தாண்டினாலும் 2023 செப்டம்பரில் வந்த காம்பாஸ் என்ற மதிப்பீட்டு முறையில் 40 புள்ளி தேறவேண்டும். சின்னக் கம்பெனிக்கு 20 புள்ளி தானாகக் கிடைத்துவிடும். மீதி 20 சம்பளத்திலும் படிப்பிலும் வரவேண்டும். பட்டம் இல்லாதவருக்குப் படிப்பில் பூஜ்யம். அப்புறம் அந்த 20-ஐயும் சம்பளமே ஈடுகட்ட வேண்டும். அதற்கு 5,600 எந்த மூலைக்கு? மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்ளச் சம்பளம் 6,000 வெள்ளியாவது வேண்டும். இதெல்லாம் பேப்பரில் எழுதிவைக்கும் சம்பளம் அல்ல. கம்பெனி மாதாமாதம் சம்பாதித்து, உங்கள் கணக்கில் போட்டு, வரியும் கட்டிய சம்பளம்.

இங்கே குடியிருக்கும் டைரக்டர் ஒருவராவது இருக்கவேண்டும் என்பது சட்டம். "மச்சான், பேருக்குக் கையெழுத்துப் போடு" என்று இங்குள்ள சொந்தக்காரரைக் கேட்காதீர்கள். பேருக்கு டைரக்டர் என்று சட்டம் யாரையும் தனியாகப் பார்ப்பதில்லை. ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் நோட்டீஸ் அவர் வீட்டுக்கும் போகும். இப்படிப் பேருக்கு டைரக்டராக இருப்பதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு 2025 ஜூனிலிருந்து கெடுபிடி அதிகம்.

எனக்குப் பெரிய கவலை பணம் போகும் வழிதான். வங்கிக்கு வெளியே உண்டியலில் அனுப்பினால் சீக்கிரம் சேரும், சரி. கம்பெனிக்குக் கணக்குத் திறக்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று சிங்கப்பூர் வங்கி கேட்கும், அப்போது காட்ட ஒரு துண்டுத் தாள் இருக்காது. வங்கி வழியாக ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு வாங்க அனுப்புகிறோம் என்பதை ஊரிலுள்ள வங்கியில் அதற்கான படிவத்தில் எழுதிக்கொடுத்தே அனுப்ப வேண்டும். ஆடிட்டர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏஜென்டின் ஆடிட்டர் வேண்டாம்.

முன்பணம் கேட்டால், அது கம்பெனிப் பதிவுக்கா, பாஸுக்கா, பாஸ் கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தந்த தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்துச் சொல்ல எனக்குக் கூலி வேண்டாம்.


சிங்கப்பூரிலிருந்து உங்கள் ஊர்க்காரன்