ஆள் வைத்திருக்கிறோம், வக்கீல் யார்?

டெல்டாவில் இயற்கை உழவர்கள் இப்போ நெல்லை மட்டும் விற்பதில்லை. மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் அரிசியாக, அவலாக, சத்துமாவாக வெளியூர் போகின்றன. கூட்டாகச் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்குகிறோம், அரவை ஆலை போடுகிறோம், கல் பொறுக்கவும் பை கட்டவும் ஆள் வைக்கிறோம். அப்படின்னா நாமும் முதலாளிதான். ஆனா "நம்ம ஊரு புள்ளைங்கதானே, இதுக்கெல்லாம் எதுக்கு ரிஜிஸ்டர்?" என்று விட்டுவிடுகிறோம். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர் தொழிலாளர் துறையில் மனு கொடுத்த பிறகுதான் வக்கீலைத் தேடுகிறோம்.

பெரும்பாலும் போய் நிற்பது வரப்புத் தகராறுக்கும் பட்டா வழக்குக்கும் வந்த அதே வக்கீலிடம். அவர் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் தொழிலாளர் சட்டம் தனித் துறை. முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன்: தொழில் தகராறில் சமரச அதிகாரி முன் நடக்கும் பேச்சில் வக்கீல் ஆஜராக முடியாது. தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு சம்மதித்து, நீதிமன்றமும் அனுமதித்தால்தான் முடியும். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்திலும் இதுதான், அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் இதுதான். ஆக, சமரசப் பேச்சில் உட்காரப்போவது நீங்கள். கையில் இருக்கப்போவது உங்கள் சம்பளப் பதிவேடு. வழக்கு வந்தபின் வாதாடுபவரைவிட, வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தருபவரே நமக்கு வேண்டிய வக்கீல்.

நம் மண்ணுக்கு இது புதுசு இல்லை. 1944-இல் மன்னார்குடியில் பண்ணையாட்களும் மிராசுதார்களும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார்கள். பேச்சு முறிந்த இடத்தில் என்ன ஆச்சு? 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து போனார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கேஸ் ஜெயித்தது, அந்தப் பழி இன்றுவரை தீரவில்லை. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்ததும் அதன் பிறகுதான்.

வக்கீலைப் பார்க்கப் போனால் நாலு கேள்வி கேளுங்கள்.

எங்கள் ஆலைக்குக் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு? 10 பேர், 20 பேர் என்று ஆள் கூடும்போது ஈ.எஸ்.ஐ., பி.எஃப். எப்போது கட்டணும்? 10 பேர் வேலை செய்கிற இடத்தில் பாலியல் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவை எப்படி அமைப்பது? 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த நான்கு சட்டத் தொகுப்புகளால் எங்களுக்கு என்ன மாற்றம்?

"அதெல்லாம் வந்தா பாத்துக்கலாம்" என்பவரிடம் ஃபீஸ் கட்டாதீர்கள். "பழைய தேதி போட்டு ரிஜிஸ்டர் எழுதிடலாம்" என்பவர் வீட்டுப் படியே ஏறாதீர்கள். "முதல்ல பாக்கிக் கூலியைக் கொடுத்து ரசீது வாங்குங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்கிறாரா, அவரை விடாதீர்கள்.

தொழிலாளிக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்றும் நினைக்க வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே வக்கீல் தரும். அவர்களுக்கு அது உரிமை.

மண்ணுக்கு விஷம் போட மாட்டோம் என்று சொல்லி அரிசி விற்கிறோம். அதைப் புடைக்கிற கைக்குக் கூலி பாக்கி வைத்துவிட்டு அந்தப் பேச்சைப் பேச முடியாது.