செய்தி தருவோரும் செய்தி எழுதுவோரும்

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு மாணவன்)

மக்கள் தொடர்பு அலுவலரும் செய்தியாளரும் எலியும் பூனையும் போன்றவர்கள் என்பர் சிலர். இல்லை, நகமும் சதையும் போல இருக்க வேண்டும் என்பர் வேறு சிலர். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. எலியும் பூனையுமாக இருந்தால் செய்தி மக்களைச் சேராது. நகமும் சதையுமாக இருந்தால் உண்மை மக்களைச் சேராது. பின் எப்படித்தான் இருக்க வேண்டும்? இதை எனக்குக் கற்பித்தது பாடநூல் அன்று. நான் செய்த ஒரு பிழை.

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் நாங்கள் குருதிக்கொடை முகாம் நடத்தினோம். நாளிதழ்களுக்குச் செய்திக்குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. குருதி கொடுத்தவர்கள் 62 பேர். நூற்றைத் தாண்டினால்தானே செய்தி என்று எண்ணி, 120 பேர் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அப்படியே அச்சில் வந்தது. நான் கொண்ட பெருமைக்கு அளவே இல்லை.

சில மாதங்கள் கழிந்தன. காலையில் கல்லூரி வழியே வரும் நகரப் பேருந்து ஒன்று திடீரென்று நிறுத்தப்பட்டது. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வரும் மாணவியர் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டியதாயிற்று. அதை எழுதிக்கொண்டு அதே நிருபரிடம் ஓடினேன். அவர் தாளைப் படித்தார். மடித்து மேசைமேல் வைத்தார்.

“தம்பி, அந்த முகாமில் 62 பேர்தானே? வேறு வேலையாக ரத்த வங்கிக்குப் போனபோது தெரிந்துகொண்டேன். அன்றே நான் கேட்டிருக்க வேண்டும், அது என் தவறு. ஆனால் இதை எப்படி நம்புவது?”

“மன்னித்துவிடுங்கள் சார்” என்பதைத் தவிர என்னிடம் சொல் இல்லை. ஒரு நாள் காலை அவரே நேரில் வந்து, நிறுத்தத்தில் நின்று பார்த்த பிறகுதான் அச்செய்தி வெளிவந்தது. அதற்குள் மூன்று வாரங்கள் ஓடிவிட்டன. என் பொய்க்கு அபராதம் கட்டியவை அந்த மாணவியரின் கால்கள்!

வரலாற்று மாணவன் ஆதலால், இந்தத் தொழில் தொடங்கிய கதையை நூலகத்தில் தேடிப் படித்தேன். அமெரிக்க நாட்டு ஐவி லீ என்பவரின் வாழ்வில் என் கதையே பெரிய உருவில் நிற்கக் கண்டேன். நிருபராக இருந்து மக்கள் தொடர்புத் தொழிலுக்கு வந்தவர் அவர். தாம் தரும் தகவல் சரியாக இருக்கும், சரிபார்க்கவும் உதவுவோம் என்று 1906இல் பத்திரிகை ஆசிரியர்களுக்கு அறிக்கை விடுத்தார். அவ்வாண்டு அக்டோபர் 28 அன்று, அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் கவிழ்ந்து 53 பேர் மாண்டனர். விபத்து என்றால் மூடி மறைப்பதே அக்கால ரயில் கம்பெனிகளின் வழக்கம். லீயோ நடந்ததை எழுதி நாளிதழ்களுக்குக் கொடுத்தார். நிருபர்கள் விபத்து நடந்த இடத்தைக் காணவும் வழி செய்தார். பத்திரிகையுலகம் அவரை நம்பியது.

எட்டே ஆண்டுகளில் அந்த நம்பிக்கை சரிந்தது. 1914 ஏப்ரலில் கொலராடோவின் லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடார முகாம் தாக்கப்பட்டுத் தீக்கிரையானது. குழிக்குள் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மாண்டனர். சுரங்கத்தில் பெரும் பங்கு கொண்டிருந்த ராக்ஃபெல்லர் தரப்புக்காக லீ செய்தி மடல்கள் வெளியிட்டார். முதலாளிகள் சொன்னதைச் சரிபார்க்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர்களின் ஓராண்டு ஊதியம் ஒன்பதே வாரங்களில் பெற்றதாக அச்சேறியது. பொய் அம்பலமானது. எழுத்தாளர் அப்டன் சிங்கிளேர் அவருக்கு ‘நச்சுக்கொடி’ என்று பட்டம் சூட்டினார். ஐவி என்பது ஆங்கிலத்தில் ஒரு கொடியின் பெயரும் ஆகும். லீ மறைந்தது 1934இல். பட்டம் இன்னும் மறையவில்லை.

ஆகவே நான் கூறுவது இதுதான். தேநீர் விருந்தாலும் தீபாவளி இனிப்பாலும் வளர்வதன்று இந்த உறவு. நல்ல செய்தியை எவரும் தருவர். கெட்ட செய்தி வரும் நாளில் தொலைபேசியை எடுத்துப் பேசுபவரே நல்ல மக்கள் தொடர்பு அலுவலர். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும், கேட்டுச் சொல்கிறேன் என்றால் பக்கம் முடிவதற்குள் கேட்டுச் சொல்வதும் அவர் கடமை. செய்தியாளருக்கும் கடமை உண்டு. கொடுத்த குறிப்பை அப்படியே அச்சிடாமல் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். குற்றச்சாட்டை எழுதுமுன் மறுதரப்பையும் கேட்க வேண்டும். தவறு நேர்ந்தால் திருத்தம் வெளியிட வேண்டும். ஒருவர் நிறுவனத்திற்காகப் பேசுபவர், மற்றவர் வாசகருக்காகக் கேட்பவர். இந்த வேறுபாட்டை இருவரும் மறவாமல் இருப்பதே உறவுக்கு அழகு.

நம்முள் சிலர் நாளை மாவட்ட மக்கள் தொடர்பு அலுவலராகலாம், சிலர் நிருபராகலாம். வாய்மைக்கென்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்த மொழியில் எழுதப் போகிறோம் என்பதை நினைவில் கொள்வோம்.

இவ்வாண்டு முகாமில் குருதி கொடுத்தவர்கள் 58 பேர். 58 என்றே எழுதிக் கொடுத்தேன். நிருபர் ரத்த வங்கியிலும் கேட்டுக்கொண்டார் என்று அறிந்தேன். எனக்கு வருத்தம் இல்லை. நான்கே வரிச் செய்திதான். ஆனால் நான்கு வரியும் உண்மை.