தனி உலை நெடுநாள் கொதிக்காது

"எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்கிறார் மருத்துவர். நோயாளியும் தலையசைக்கிறார். மூன்று மாதங்கள் கழித்து அவர் மீண்டும் வரும்போது எடைப்பொறியின் முள் பழைய இடத்திலேயே நிற்கிறது. சிலருக்கு ஒரு கிலோ கூடியும் இருக்கிறது. "இவருக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று உடன் வந்தவர் சலித்துக்கொள்கிறார். குறை முழுவதும் நோயாளியின் மனவுறுதியின் மீது ஏற்றப்படுகிறது. இது நியாயமன்று என்பதே என் கருத்து.

உடல் தன் எடையைக் காத்துக்கொள்ள முனையும் இயல்புடையது. உணவைக் கடுமையாகச் சுருக்கி விரைவில் மெலிந்தவருக்குப் பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடுகின்றன. வயிறு நிறைந்தது என உணர்த்தும் சுரப்புகள் குறைகின்றன. பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைந்தவர்களிடம் இம்மாற்றம் ஓராண்டு கழித்தும் நீடித்ததை, 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. எனவே இழந்த எடை திரும்பி வருவது ஒழுக்கக் குறைவன்று, உடலின் இயற்கை. 'மூன்றே மாதத்தில் பதினைந்து கிலோ' என அழைக்கும் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

அப்படியானால் எதை இலக்காகக் கொள்வது? எண்பது கிலோ எடையுள்ளவர் ஆறு மாதத்தில் நான்கு கிலோ குறைத்து, அதைத் தக்கவைத்துக்கொண்டாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீரடையத் தொடங்கும். எடைப்பொறி ஒன்றே அளவுகோலும் அன்று. சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் பங்கேற்றனர். வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் 55 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளில் நோயாளராயினர். உணவையும் நடையையும் சீர்செய்யத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களுள் அது 39 விழுக்காடாகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. முள் நகராவிட்டாலும் முயற்சி வீண்போவதில்லை.

ஆனால் அம்முயற்சியைத் தனி ஒருவர் மீது சுமத்தினால் அது நீடிக்காது. பல வீடுகளில் நோயாளிக்கு மட்டும் இரண்டு சப்பாத்தி. மற்றவர்க்குச் சோறும் குழம்பும் வறுவலும் அப்பளமும். மணக்கும் பந்தியின் ஓரத்தில் அமர்ந்து எத்தனை நாள் ஒருவர் பத்தியம் காப்பார்? நோயாளி வீட்டுத் தலைவியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவருக்கெனத் தனியாகச் சமைப்பார் யாருமில்லை. எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, வீணாகக் கூடாதென்று மீந்ததையும் அவரே உண்டு முடிக்கிறார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையுடையோர். முந்தைய கணக்கெடுப்பில் இவை முறையே 30.9, 28.2 விழுக்காடாக இருந்தன. இத்தனை பேரின் மனவுறுதி சில ஆண்டுகளில் தளர்ந்துவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது. மாறியது நம் உணவும் உழைப்பும்தான்.

எனவே வீட்டின் உலையே மாறட்டும். அதற்கு விலையுயர்ந்த ஓட்ஸும் புரதப் பொடியும் வேண்டியதில்லை. தட்டில் பாதி பொரியலும் கீரையும், கால் பங்கு பருப்பு அல்லது முட்டை அல்லது மீன், எஞ்சிய கால் பங்கு சோறு என அனைவருமே உண்ணலாம். நாமக்கல் முட்டை ஒன்றில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் உண்டு. கேழ்வரகுக் களி நல்லதே. ஆயினும் அதுவும் மாவுச்சத்துதான், இரண்டு உருண்டை ஒன்றாகட்டும். நம் ஊர் ஜவ்வரிசி நோயாளிக்கு ஏற்ற உணவென்று பலர் நம்புகின்றனர். அது மரவள்ளிக் கிழங்கின் மாவே அன்றி வேறில்லை. நாளுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் ஏறத்தாழ 40 கிராம் ஆகிறது. 25 கிராமுக்குள் நிறுத்துவது நலம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மாலைத் தட்டுவடை செட்டை விட்டொழிக்க வேண்டாம். நாள்தோறும் என்பது வாரம் ஒருமுறை ஆனால் போதும்.

"நாளெல்லாம் தறியில் நிற்கிறேன், தனியாக நடை எதற்கு?" என்று கேட்பவர் உண்டு. நிற்பது களைப்பைத் தரும். இதயத்துக்குப் பயிற்சி தருவது விரைந்த நடை. வாரத்தில் 150 நிமிடம் போதும். அதைப் பத்துப் பத்து நிமிடமாகவும் பிரித்துக்கொள்ளலாம். லாரி ஓட்டுநர் வண்டியை நிறுத்தி உண்ட பின் பத்து நிமிடம் நடக்கலாம். கோடையில் விடியலிலோ பொழுது சாய்ந்த பின்போ நடப்பது நன்று. துணைக்கு வீட்டார் ஒருவர் வந்தால் நடை நிற்காது.

ஓர் எச்சரிக்கை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் தாமாகப் பட்டினி கிடக்கக் கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். சிறுநீரக நோயுடையவரும் கருவுற்றவரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே உணவை மாற்ற வேண்டும். முயலாமலே எடை குறைந்தால் மகிழ வேண்டாம். உடனே பரிசோதனைக்கு வாருங்கள்.

எங்கள் பக்கமும் கடமை உண்டு. 'எடையைக் குறையுங்கள்' என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பது மருத்துவமாகாது. உங்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், எப்போது உண்கிறீர்கள் என்று நாங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டோடு, வீட்டில் சமைப்பவரையும் அழைத்து வாருங்கள். சமைப்பவரே நோயாளி என்றால், அவர் சமைத்ததை உண்பவர்கள் உடன் வரட்டும்.